அட்டையில் 1938, பானெட்டுக்குள் 1946: கார் அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காப்பாளர்களுக்கு,

கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப் பந்தயம் ஓடிய பழைய கார்களைக் காட்சிக்கு வைக்கும்போது, ஆண்டு போடுவதற்கு முன் பானெட்டைத் திறந்து பாருங்கள். பழைய எஞ்சின்களைப் பிரித்துக் கோக்கிற எங்களுக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு: அட்டையில் ஒரு ஆண்டு, உள்ளே இருக்கிற எஞ்சினுக்கு வேறு ஆண்டு.

இந்தப் பந்தயங்களில் கார்களின் வேகத்தை அளந்த தெற்குக் கலிபோர்னியா டைமிங் சங்கம் 1937இல் பிறந்தது. அதன் முதல் பந்தயம் 1938 மே மாதம், மியூராக் ஏரியில். அந்தக் காலத்துக் கார் என்று சொல்லும் வண்டியில் ஃபோர்டு வி8 (பக்கத்துக்கு நாலாக எட்டு சிலிண்டர் கொண்ட எஞ்சின்) இருந்தால், கிளட்ச் ஹவுசிங்கின் மேற்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். '59' என்று வார்த்திருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிளாக் (எஞ்சினின் உடல்). ஹெட் (சிலிண்டர்களின் மூடி) போல்ட்டை மட்டும் எண்ணி முடிவு கட்டாதீர்கள்: 21 என்றால் பழையது, சரி, ஆனால் 24 போல்ட் பிளாக் 1938இலேயே வரத் தொடங்கிவிட்டது. பிரேக்கையும் பாருங்கள். ஃபோர்டுக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்தது 1939 மாடலில்தான். அதற்கு முன் எல்லாம் கம்பி இழுக்கும் பிரேக்.

பெரிய இழப்பு, வி8 பொருத்துவதற்காகக் கழற்றி எறியப்பட்ட நாலு சிலிண்டர் எஞ்சினுக்குத்தான். 1932இல் வந்தபோது வி8க்கு 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். ஃபோர்டின் நாலு சிலிண்டர் மாடல்-ஏவுக்கு வெறும் 40 குதிரைத்திறன். ஆனாலும் ஏரியில் பந்தயம் ஓட்டியவர்கள் உடனே வி8க்குத் தாவவில்லை. வின்ஃபீல்டு தயாரித்த கார்புரேட்டர், கேம், ரைலி, கிராகர் தயாரித்த ஹெட் என்று நாலு சிலிண்டருக்கு எல்லாமே கடையில் கிடைத்தன. வி8இலோ, ஒரு பக்கத்து நாலு சிலிண்டருக்கு மூன்றே புகைவழி, நடு இரண்டுக்கும் ஒன்றே. சூடான புகை பிளாக்கின் தண்ணீர் அறைக்கு ஊடே போவதால் தண்ணீர் கொதிக்கும், எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் விழும்.

மாடல்-ஏவுக்கும் நோய் உண்டு. பம்ப் ஆயிலை மேலே ஏற்றும். அது தானாக வழிந்து மெயின் பேரிங்குக்கு வரும். கனெக்டிங் ராடுக்கோ, கீழே உள்ள கரண்டி தட்டிலிருந்து அள்ளித் தெறிக்கிற ஆயில்தான். வேகம் ஏறினால் அது போதாது, பேரிங்கில் வார்த்த பாபிட் என்ற மெல்லிய உலோகம் உருகி ஓடிவிடும். அதனால் கிராங்கைத் துளைத்து, அழுத்தத்தில் ஆயில் ஊட்டினார்கள். சம்ப்பை (அடியிலுள்ள ஆயில் தட்டை) கழற்றினால் அந்தத் துளை தெரியும். பந்தயத்துக்காகவே கை வைத்த எஞ்சின் என்பதற்கு அதைவிடச் சான்று வேறில்லை. டாஷ்போர்டில் அறைந்த, கார் எட்டிய வேகத்தைச் சொல்லும் பித்தளை வேகத்தகடு அப்படியல்ல. ஆணியைக் கழற்றினால் அடுத்த காருக்குப் போய்விடும்.

ஆக, அட்டையில் ஒரே ஆண்டு வேண்டாம். சேசிஸ், பிளாக், ஹெட், பிரேக், கார்புரேட்டர் எல்லாவற்றுக்கும் தனித்தனியே ஆண்டு எழுதுங்கள். மாற்றியதை மாற்றியது என்றே போடுங்கள், அதில் அவமானமில்லை. (வேகத்துக்காக மாற்றிக் கட்டிய காரைச் சொல்லும் 'ஹாட் ராட்' என்ற பெயரை 1936 காருக்கு எழுதுவதையும் நிறுத்தலாம். அந்தப் பேச்சு பரவியது 1940களின் நடுவில். அதற்கு முன் 'கௌ ஜாப்' என்றார்கள்.) கழற்றிய நாலு சிலிண்டரைக் காயலான் கடைக்கு அனுப்பாமல், ஹெட்டைத் திறந்து காரின் பக்கத்திலேயே வையுங்கள்.

இன்னொன்று. சேசிஸின் உள்மூலைகளில் வெளிறிய களிமண் பொடி ஒட்டியிருந்தால் பிரஷர் வாட்டர் அடிக்காதீர்கள், அது ஏரிப் படுகையின் தடயமாக இருக்கலாம். ஒரு ஸ்பூன் சுரண்டி, சீசாவில் போட்டு, எடுத்த இடத்தை எழுதி ஒட்டிவிட்டு அப்புறம் கழுவுங்கள்.

இப்படிக்கு,
பழைய எஞ்சின் பழுதுபார்ப்போர்