போனில் வரும் குரலும் நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீராத வலியோடு ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) மாத்திரைப் பழக்கத்திலும் மாட்டிக்கொண்டவர்களுக்குச் செல்போன் வழியாக மைண்ட்ஃபுல்னெஸ் (மூச்சையும் உடலையும் அப்படியே கவனிக்கும்) பயிற்சி கொடுப்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் முறை ‘மருந்து வேண்டாம், போன் போதும்’ என்ற தலைப்பைத் தாண்டி என் கண் நகரவில்லை. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிழைதிருத்துநர். தலைப்பில் பிழை இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. இது எழுத்துப்பிழை இல்லை, அதைவிட மோசம்.

எனக்கு 58 வயது. முதுகுத்தண்டில் ஆறு ஸ்க்ரூ இருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்ததும் எழுதிக்கொடுத்த மாத்திரை ஆறு வாரத்துக்கானது. நான் ஐந்து வருடம் சாப்பிட்டேன். முதலில் டிரமடால், அப்புறம் மார்ஃபின். வலிக்கு ஒன்று, வலி வந்துவிடுமோ என்ற பயத்துக்கு ஒன்று, கடைசியில் எதற்கு என்றே தெரியாமல் ஒன்று. அட்டையை அழுத்தும்போது ‘டப்’ என்று ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தத்திலேயே பாதி வலி இறங்கிவிடும். இன்னொரு கொடுமையும் உண்டு. நெடுநாள் ஓபியாய்டு எடுத்தால் சிலருக்கு நரம்புகள் வலியை முன்பைவிடக் கூர்மையாக உணர ஆரம்பித்துவிடும். வலி கூடுகிறது என்று டோஸைக் கூட்டுவோம், கூட்டிய டோஸே வலியைக் கூட்டும். இந்தச் சுற்றிலிருந்து நான் தானாக வெளியே வரவில்லை. இரண்டு வருடமாக நாக்கின் கீழ் புப்ரெனார்ஃபின் வைத்துக்கொள்கிறேன். அதுவும் ஓபியாய்டு வகைதான். ஆனால் மருத்துவர் கண்காணிப்பில், ஒரே அளவில், தவிப்பை அடக்கி ஆளை நிதானத்தில் நிறுத்துகிற மருந்து.

போன் அதற்கு அப்புறம்தான் வந்தது. வாரம் ஒரு முறை வீடியோவில் குழு, நடுவில் கேட்பதற்கு ஒரு செயலியில் பதிவுகள். முதல் வாரமே எனக்கு எரிச்சல். “முதுகை நிமிர்த்தி உட்காருங்கள்” என்று இனிமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது குரல். யாரிடம் சொல்கிறோம் என்று அதற்குத் தெரியுமா? படுத்துக்கொண்டே செய்யலாம் என்பதைக் குழுவை நடத்துகிற அம்மாதான் சொன்னார்.

இரண்டாவது மாதத்தில் ஒரு ராத்திரி. மணி மூன்று பத்து. இடது இடுப்பிலிருந்து குதிகால் வரை இழுத்துப் பிடித்தது. புத்தக அலமாரியில் அகராதிக்குப் பின்னால் பழைய மார்ஃபின் அட்டை ஒன்றை ஒளித்து வைத்திருந்தேன். அது எனக்கு மட்டுமே தெரியும். கால் தரையில் பட்டுவிட்டது. அந்த அம்மா சொல்லிக்கொடுத்த ஒரு விதி ஞாபகம் வந்தது: மாத்திரைக்குக் கை நீட்டும் முன் மூன்று நிமிடம் நில், கேட்பது வலியா, தவிப்பா என்று பார். சரி, மூன்று நிமிடம்தானே என்று ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டினேன்.

குரல் சொன்னது: வலி என்று ஒரே சொல்லாகச் சொல்லாதீர்கள், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். இது என் தொழில் ஐயா. பிழை திருத்துகிறவன் சொல்லைப் படிப்பதில்லை, எழுத்தெழுத்தாகப் பார்ப்பான். படித்துவிட்டால் பிழை கண்ணில் படாது. அப்படிப் பார்த்தேன். இடுப்பில் சூடு. தொடையில் துணியைப் பிழிவதுபோல ஒரு முறுக்கு. முழங்காலுக்குக் கீழே எறும்பு ஊர்கிறது. குதிகாலில் ஒன்றுமே இல்லை, வெறும் மரமரப்பு. முழங்காலுக்குப் பின்புறம் ஒரு உள்ளங்கை அளவு இடம் சும்மா இருந்தது. அத்தனை வருடத்தில் அந்த இடம் வலிக்கவில்லை என்பதை நான் கவனித்ததே இல்லை. தவிப்பு நெஞ்சுக்கு நேராக ஏறி, அங்கேயே நின்று, பிறகு மெதுவாக இறங்கியது. மனைவி புரண்டு படுத்து, “என்னங்க, வலிக்குதா?” என்றாள். “வலிக்குதுதான், நீ தூங்கு” என்றேன். வலிக்குப் பத்தில் எத்தனை என்று செயலி கேட்டபோது ஏழு என்று போட்டேன். படுக்கும்போதும் ஏழுதான். நான் மட்டும் அலமாரிப் பக்கம் போகவில்லை.

மறுநாளே அந்த அட்டையைத் தூக்கிப் போட்டேன் என்று எழுத ஆசைதான். மூன்று வாரம் கழித்துத்தான் மனைவியிடம் கொடுத்தேன். அதற்குள் அதில் இரண்டு குறைந்திருந்தது.

ஆகவே நான் போனுக்கு எதிரி இல்லை. மூன்று பத்துக்கு எந்தக் கவுன்சலரும் முழித்திருக்க மாட்டார், போன் இருக்கும். என் சண்டை தலைப்போடுதான்.

கட்டுரை குறிப்பிட்ட ஆய்வையே எடுத்துக்கொள்வோம். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் நீனா கூப்பர்மன் குழு 2023-இல் வெளியிட்டது. அதில் கலந்துகொண்ட 154 பேரும் மெத்தடோன் (புப்ரெனார்ஃபின் போலவே தவிப்பை அடக்கும் ஓபியாய்டு மருந்து) சிகிச்சையில் இருந்தவர்கள், நாள்பட்ட வலியும் உள்ளவர்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேருக்கு அதோடு எரிக் கார்லண்ட் உருவாக்கிய மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி, வாரத்துக்கு இரண்டு மணி நேரம், எட்டு வாரம், போனிலோ வீடியோவிலோ. பயிற்சி பெற்றவர்கள் மறுபடியும் போதைக்குத் திரும்பும் அபாயம் 42 சதவீதம் குறைந்தது. இதைக் கட்டுரை எழுதியது. அடுத்த வரியை எழுதவில்லை: மெத்தடோன் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடும் அபாயமும் 59 சதவீதம் குறைந்தது. அதாவது பயிற்சி அவர்களை மருந்திலேயே நிலைத்திருக்க வைத்தது. தலைப்பு இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. தவிர, அங்கே போனின் மறுமுனையில் இருந்தது மனிதர்கள். பயிற்சி பெற்ற ஒருவர் குழுவை நடத்தினார். பதிவு செய்த குரலை மட்டும் கேட்டுக்கொண்டு யாரும் அந்த 42-ஐ எட்டவில்லை.

அமெரிக்க உணவு மருந்துத் துறை 2018 டிசம்பரில் ஓபியாய்டு பழக்கத்துக்கென்று ஒரு செயலிக்கு அனுமதி கொடுத்தது. அது மைண்ட்ஃபுல்னெஸ் செயலி இல்லை. ஆனாலும் அதன் அனுமதியிலேயே, புப்ரெனார்ஃபினோடு சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்று இருந்தது. அதை நடத்திய பியர் தெரப்யூட்டிக்ஸ் நிறுவனம் 2023 ஏப்ரலில் திவாலானது. நிறுவனங்கள் மூடிக்கொண்டு போகலாம். என் இடுப்பு போகாது.

எங்கள் குழுவில் ஒருவர், மூச்சே போதும் என்று புப்ரெனார்ஃபினைத் தானாக நிறுத்தினார். மூன்றாவது வாரம் திரையில் அவருடைய கட்டம் காலியாக இருந்தது. கொஞ்ச நாள் விட்டுவிட்டால் உடல் தாங்கும் அளவு இறங்கிவிடும் என்பது தெரியாமல், பழைய ஞாபகத்தில் பழைய அளவையே எடுத்திருக்கிறார். மூச்சு அடங்கிக்கொண்டிருந்தது. ஓபியாய்டின் வேலையை முறிக்கும் நலாக்சோன் ஸ்ப்ரேயை அவருடைய தம்பி மூக்கில் அடித்ததால் பிழைத்தார். ஏழாவது வாரம் திரும்பி வந்து கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். உங்கள் தலைப்பைப் பார்த்ததும் அந்தக் கறுப்புக் கட்டம்தான் கண் முன்னால் வந்தது.

செயலி செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் இரண்டு வார்த்தை. தொடர்ந்து எத்தனை நாள் பயிற்சி செய்தேன் என்று காட்டும் அந்த எண்ணை எடுத்துவிடுங்கள். வலி மிகுந்து இரண்டு நாள் தவறினால் 41 பூஜ்யமாகிவிடுகிறது. பழக்கத்திலிருந்து மீளுகிறவனுக்குப் பூஜ்யம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாது. அப்புறம், பூட்டிய திரையில் “இன்று ஓபியாய்டு ஆசை எவ்வளவு?” என்று கேட்காதீர்கள். என் பேத்தி படம் பார்க்கப் போனை வாங்கி, “தாத்தா, ஓபியாய்டுன்னா என்ன?” என்றாள். வலி மாத்திரை என்று சொல்லிச் சமாளித்தேன். பொய்யில்லை. செயலியின் கேள்விக்கு நான் கொடுக்கும் பதில்கள் எங்கே போய்ச் சேருகின்றன என்பது வேறு கவலை. மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப், பயனாளர்களின் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக 2023-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது.

சின்ன வாசகத்துக்கு இவ்வளவு கோபமா என்று நீங்கள் நினைக்கலாம். 1980 ஜனவரியில் ஒரு மருத்துவ இதழுக்கு இரண்டு பேர் இதேபோல ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்கள். மொத்தம் ஐந்தே வாக்கியம். மருத்துவமனையில் ஓபியாய்டு வகை மருந்து பெற்ற 11,882 பேரில் நான்கு பேருக்குத்தான் அடிமைப்பழக்கம் வந்தது என்றார்கள். மருத்துவமனைக்கு உள்ளே, கண்காணிப்பில் மருந்து வாங்கியவர்களைப் பற்றிய கணக்கு அது. வீட்டுக்கு வருடக்கணக்கில் எழுதிக்கொடுத்தாலும் பயமில்லை என்பதற்கு அதையே ஆதாரமாகக் காட்டினார்கள். 2017 வரை 608 முறை அது மேற்கோளாகியிருந்தது. என்னைப் போன்றவர்கள் கையில் அட்டைகள் வந்து சேர்ந்த வழியில் அந்த ஐந்து வாக்கியமும் இருக்கின்றன.

ஆகவே தலைப்புக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். ‘மருந்தோடு போனும் உதவும்’ என்று போடலாம். உங்கள் தலைப்பு 13 எழுத்து, இது 12. எண்ணிப் பார்த்துவிட்டேன். ஒரு காற்புள்ளியும் மிச்சம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்
(பேத்திக்கு இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்க வருகிறது. பெயரை வெளியிட வேண்டாம்.)