நாடகங்களை அச்சிடத் தயங்கும் பதிப்பாளர்களுக்கு

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். நாடகம் மேடையில் பார்ப்பதற்கு உரியது, அதைப் புத்தகமாக யார் வாங்கிப் படிப்பார்கள் என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஹென்ரிக் இப்சன்தான் நினைவுக்கு வருகிறார்.

நார்வேயில் பிறந்த நாடக ஆசிரியர் அவர். ஏறக்குறைய 27 ஆண்டுகள் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் வாழ்ந்தாலும், மிகச் சிலரே பேசிய தன் மொழியில்தான் கடைசிவரை எழுதினார். ‘பொம்மை வீடு’ 1879 டிசம்பர் 4 அன்று கோபன்ஹேகனில் புத்தகமாக வெளிவந்தது. அங்குள்ள அரச நாடக அரங்கில் அது மேடையேறியது டிசம்பர் 21 அன்று. அச்சிட்ட 8,000 பிரதிகளும் ஒரே மாதத்தில் விற்றுத் தீர்ந்தன. கணவனையும் பிள்ளைகளையும் விட்டு வெளியேறும் அதன் நாயகி நோரா மேடையில் கதவைச் சாத்துவதற்கு முன்பே பல வீடுகளில் அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

ஜெர்மனியில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். நோராவாக நடிக்க வேண்டிய நடிகை, பிள்ளைகளை விட்டுப் போகும் தாயாக நடிக்க மறுத்தார். அங்கே இப்சனின் எழுத்துக்கு உரிமைப் பாதுகாப்பு கிடையாது. வேறு யாரோ முடிவை மாற்றுவதைவிடத் தானே மாற்றிவிடலாம் என்று, நோரா வீட்டிலேயே தங்கிவிடும் ஒரு முடிவை அவரே எழுதிக் கொடுத்தார். பின்னர் அதைக் காட்டுமிராண்டித்தனமான வன்செயல் என்றே குறிப்பிட்டார். எனக்கு இதைப் படிக்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது. மேடை ஒரு நடிகையின் விருப்பத்துக்கு வளைந்தது. புத்தகம் வளையவில்லை. உலகம் இன்று அறிந்திருப்பது புத்தகத்தில் இருந்த நோராவைத்தான்.

‘ஆவிகள்’ நாடகத்தைச் சொன்னால் நீங்கள் என்னை மடக்கக்கூடும். 1881இல் 10,000 பிரதிகள் அச்சிட்டார்கள். பரம்பரை நோய், திருமணத்துக்குள் மூடி மறைத்த அழுகல் என்று அது பேசியவற்றைக் கண்டு மக்கள் வெகுண்டார்கள். கடைக்காரர்கள் கட்டுக்கட்டாகத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த பதிப்பு வரப் பல ஆண்டுகள் ஆயின. பதிப்பாளருக்கு நட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஸ்காண்டிநேவிய அரங்குகளும் அதை ஒதுக்கிய அந்த நாட்களில், திரும்பி வந்த அந்தப் புத்தகங்களில் மட்டும்தான் அந்த நாடகம் உயிரோடு இருந்தது. 1882இல் முதன்முதலாக அதை மேடையேற்றியது ஐரோப்பா அல்ல. கடல் கடந்து சிகாகோவில் குடியேறியிருந்த ஸ்காண்டிநேவியர்கள் அதைத் தங்கள் மொழியிலேயே நடித்தார்கள். அச்சிட்ட பிரதி இல்லையென்றால் அவர்கள் கையில் எது போய்ச் சேர்ந்திருக்கும்?

டப்ளினில் ஒரு பதினெட்டு வயது மாணவர் இப்சனின் கடைசி நாடகத்தைப் படித்துவிட்டு, 1900இல் லண்டன் இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு இப்சனுக்கு அவருடைய மொழியிலேயே கடிதமும் எழுதினார். இப்சனை மூலத்தில் படிப்பதற்காகவே அந்த மொழியைக் கற்றுக்கொண்டிருந்தார். அந்த மாணவர் ஜேம்ஸ் ஜாய்ஸ். நவீன நாவலின் திசையையே மாற்றிய ஒருவரின் தொடக்கம் ஒரு நாடக நூலின் பக்கங்களில் இருக்கிறது.

சீனத்தில் நடந்தது இதைவிடப் பெரியது. 1918 ஜூனில் ‘புதிய இளைஞர்’ இதழ் இப்சனுக்கென்றே சிறப்பிதழ் கொண்டுவந்து, நோராவைச் சீன மொழியில் அச்சிட்டது. மறு ஆண்டே சீன எழுத்தாளர் ஹூ ஷி, வீட்டை விட்டு வெளியேறும் ஒரு பெண்ணைப் பற்றித் தானே ஒரு நாடகம் எழுதினார். 1923 டிசம்பரில் பெய்ஜிங்கின் பெண்கள் கல்லூரியில் இன்னொரு சீன எழுத்தாளரான லூ சுன் பேசினார். நோரா வெளியேறினாள், சரி, அதன்பின் என்ன ஆனாள் என்பதே அவருடைய கேள்வி. கையில் பணம் இல்லாத பெண்ணுக்கு ஒன்று சீரழிவு, இல்லையேல் வீடு திரும்புதல் என்று அவர் தயங்காமல் சொன்னார். இப்சன் எழுதாமல் விட்ட பக்கத்தை இன்னொரு நாட்டு எழுத்தாளர் தொடர்ந்து யோசிக்கிறார். ஒரு நாடக ஆசிரியரின் செல்வாக்கு என்று நான் கருதுவது இதைத்தான். சிலை வைப்பதும் நூற்றாண்டு கொண்டாடுவதும் எளிது.

ஆகவே உங்களிடம் மூன்று விண்ணப்பங்கள். நாடகங்களைக் கதைச் சுருக்கமாக்கி விற்காதீர்கள். சுருக்கத்தில் நோரா ஓர் ஓடிப்போன மனைவி, அவ்வளவுதான். அவள் கணவனை எதிரில் உட்காரவைத்து, எட்டு ஆண்டு மணவாழ்வில் இன்றுதான் நாம் இருவரும் உட்கார்ந்து பேசுகிறோம் என்று சொல்லும் இடம் சுருக்கத்தில் நிற்காது. மொழிபெயர்ப்பாளருக்கு உரிய ஊதியமும் கால அவகாசமும் கொடுங்கள். பேச்சின் மூச்சைக் கொண்டுவருவது உரைநடையைப் பெயர்ப்பதைவிடக் கடினம். மேடைக்குறிப்புகளை இடம் மிச்சம் என்று வெட்டிவிடாதீர்கள். ‘பொம்மை வீடு’ ஒரு வசனத்தோடு முடியவில்லை. கீழே கதவு சாத்தப்படும் ஓசை கேட்கிறது என்ற ஒரு குறிப்போடு முடிகிறது. அந்த வரி அச்சில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
நாடகங்களைப் படித்து வளர்ந்த ஒரு வாசகர்