சித்திரையில் வா, மச்சான்

பருத்தித்துறை
தை மாதக் கடைசி

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். மனுசிக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. சின்னவளுக்குக் கிளிநொச்சிப் பக்கம் ஆசிரியர் நியமனம் கிடைத்து, இரணைமடுச் சந்திக்குக் கிட்ட பெரியக்கா வீட்டில் தங்கிப் படிப்பிக்கிறாள். உன் மீன்பிடிப் பயணத்துக்கு அது எவ்வளவு வசதி என்று கீழே எழுதுகிறேன்.

நீ அனுப்பிய அட்டவணையை இரண்டு தரம் வாசித்தேன். ஓகஸ்ற் மாதம், ஒரு நாள் குளம், அடுத்த நாள் கடல், பேந்து குளம், பேந்து கடல், இடையில் நல்லூர்க் கந்தசாமி கோவில் தேர். கட்டம் போட்டு நிறமும் தீட்டியிருக்கிறாய். வங்கியில் வேலை செய்தவன் என்று தெரிகிறது. ஆனால் மச்சான், இதில் காற்றுக்கு ஒரு கட்டமும் இல்லையே!

முதலில் நல்லூர்க் கதையை முடித்துவிடுகிறேன். கொடி ஏறினால் இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டில் சைவம். மீன் சட்டி பரணுக்குப் போய்விடும். நீ பிடித்து வந்த மீனை வாசல்படி தாண்டிக் கொண்டுவர மனுசி விடமாட்டாள். கனடாவிலிருந்து வந்தவன் என்று உனக்கு மட்டும் சலுகை இல்லை. தேரும் பார்க்கவேண்டும், மீனும் பிடிக்கவேண்டும் என்றால் இரண்டு முறை வா.

இனிக் காற்று. வைகாசிக் கடைசியில் தொடங்குகிற சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, புரட்டாதி வரைக்கும் அடிக்கும். எங்கள் கரையில் அது ஏமாற்றுகிற காற்று. தரையிலிருந்து கடலுக்குத் தள்ளுவதால் கரையில் நின்று பார்க்கக் கடல் குளம் போலக் கிடக்கும். சந்தோசமாக வெளியே போய்விடலாம், திரும்பி வரும்போதுதான் முகத்துக்கு நேரே நிற்கும். ஒவ்வொரு அலைக்கும் படகின் தலை எழும்பி விழ, இடுப்பு நாரியில் அடி வாங்கிக்கொண்டு வரவேண்டும். உனக்கும் எனக்கும் இந்த வயதில் அது தேவையில்லை. தீவுப் பக்கம் இன்னும் மோசம், மேற்கே திறந்த கடல். காற்றுக் கூடினால் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகையே நிறுத்திவிடுவார்கள். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று, அதோடு மழை, புயல். அந்தக் காலத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். 2018 மார்கழியில் இரணைமடுக் கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சியில் வெள்ளம் வந்ததை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய்.

ஆகவே சித்திரை. வருசப் பிறப்பை எங்களோடு கொண்டாடு, அதற்கு அடுத்த நாளிலிருந்து மீன்பிடி. வாடை அடங்கி, சோளகம் பிறக்காத இடைவெளி அது. இன்னொரு காரணமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் யூன் 14 வரை, 61 நாள், தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் இழுவைப் படகுகளுக்குத் தடைக்காலம். மற்ற மாதங்களில் கிழமைக்கு மூன்று இரவு அந்தப் படகுகள் இந்தப் பக்கம் வந்து அடியை வாரிக்கொண்டு போகும். எங்கள் ஆக்களின் வலையும் சேர்ந்து போகும். இங்கே 2017இல் சட்டம் போட்டு இழுவை மடியைத் தடைசெய்தாயிற்று, ஆனாலும் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களை அது நிறுத்தவில்லை. அதில் வருகிறவனும் கூலிக்காரன்தான், தெரியும். அறுந்த வலைக்கு யார் காசு கொடுப்பது என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. அந்த இரண்டு மாதமும் எங்கள் கடற்றொழிலாளர் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். அப்போது கேட்டால் உன்னைப் படகில் ஏற்ற மனமும் வரும்.

படகு என்றதும் ஒன்றை விளங்கிக்கொள். ஒன்ராறியோ ஏரியில் நீ சமன் மீன் பிடிக்க வாடகைக்கு எடுத்துப் போகிற சாட்டர் படகு மாதிரி இங்கே எதிர்பார்க்காதே. கதிரை இல்லை, கூரை இல்லை, கழிப்பறை இல்லை. இருபது அடிக்குள் ஒரு பைபர் படகு, பின்னால் எஞ்சின், நடுவில் ஐஸ் பெட்டி. அது ஒருவனுடைய சீவியம். நாங்கள் ஏறுகிற நாள் அவன் வலை போடாத நாள். அதனால் எண்ணெய்க் காசோடு, அவனுக்கும் கூட வரும் பெடியனுக்கும் அன்றைய உழைப்பு எவ்வளவு வந்திருக்குமோ அதையும் கொடுக்கவேண்டும். பேரம் பேசுகிற வேலையை என்னிடம் விடு. நீ வாய் திறந்தால் டொலர் கணக்கு வந்துவிடும். கனடாக் கடவுச்சீட்டுக்காரனை ஏற்றுவதென்றால் கடற்றொழிலாளர் சங்கத்திலும் கடற்படையிடமும் முன்கூட்டியே சொல்லவேண்டும். அதையும் நான் பார்க்கிறேன். மிதப்பு அங்கி மட்டும் உன்னுடையதைக் கொண்டுவா. இங்கே படகில் கிடப்பது உன் வயிற்றுக்குப் பூட்டுப்படாது.

எந்தக் கடல் என்று கேட்டிருந்தாய். என் விருப்பம், இரண்டு விதமாகப் பார்ப்போம். ஒரு நாள் பாசையூர் அல்லது குருநகரிலிருந்து நீரேரிக்குள். ஆழம் இல்லை, அலை இல்லை. சிறகு வலைக் கம்புகள் வரிசையாக நிற்கும், அவற்றுக்குக் கிட்டப் போகக்கூடாது, அது ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் பாடு. அங்கே ஓரா, திரளி, சின்ன விளைமீன் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமையும் பெரிய வெள்ளிக் கிழமையும் அங்கே கேட்கவேண்டாம், கோவிலுக்குப் போகிற சனம். மற்றது இங்கே, எங்கள் கரையிலிருந்து கிழக்கே. பாக்கு நீரிணை பக்கம் கடல் ஆழம் குறைந்தது, கிழக்கே போகப் போகத்தான் ஆழம் வரும். புவியியல் வாத்தியார் கரும்பலகையில் கீறிக் காட்டிய பேதுரு மேடை என்ற கடலடி மேடு அந்தப் பக்கம்தான். அவ்வளவு தூரம் நாங்கள் போகப்போவதில்லை. கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே பாரையும் சீலாவும் இழுக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் அறக்குளா.

உன் ரீலும் தடியும் கொண்டுவா, தடை இல்லை. ஆனால் ஒரு நாளாவது தடி இல்லாமல் தங்கூசியை, நைலோன் நூலை, கையில் பிடித்துப் பார். எங்கள் படகுக்காரர் பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டு வெட்டிச் சுட்டுவிரலில் மாட்டிக்கொள்வார், தங்கூசி அறுக்காமல் இருக்க. ஈயம் அடியில் பட்டதும் ஒரு முழம் தூக்கி நிறுத்துவார். விளைமீன் முதலில் இரண்டு சின்னத் தட்டுத் தட்டும், அதற்கு அசையமாட்டார். மூன்றாவது, விரலை மெதுவாகக் கீழே அழுத்துகிற மாதிரி வரும், அப்போதுதான் ஒரு வெட்டு. நான் எப்போதும் முதல் தட்டுக்கே இழுத்துவிடுவேன், அவர் சிரிப்பார். தடியில் இந்த வித்தியாசம் தெரியாது என்பது என் எண்ணம். நீ மறுப்பாய், வந்து மறு.

சீலாவுக்குப் பல் கத்தி, ஆகவே கம்பி வைத்த தூண்டில் வேண்டும், அதை உன் ஊரில் வாங்கி வா. ஈயக்குண்டைச் சுமந்து விமானத்துக்கு நிறை கட்டாதே, இங்கே பட்டினத்துக் கடைகளில் இருக்கிறது. ஓராவைக் கழற்றும்போது வெறுங்கையால் பிடிக்காதே. முதுகு முள்ளில் விசம். குத்தினால் உயிர் போகாது, ஆனால் உயிர் போகிற மாதிரி நோகும். பொறுக்கக்கூடிய சுடுதண்ணீரில் கையை வைத்தால் நோ இறங்கும், அதனால் நான் பிளாஸ்க்கில் சுடுதண்ணீர் கொண்டுவருவேன். மிச்சத்தில் தேத்தண்ணி.

குளத்துக்கு வருவோம். நீ ஐந்து குளம் எழுதியிருக்கிறாய்: இரணைமடு, அக்கராயன், முத்தையன்கட்டு, வவுனிக்குளம், மன்னார்க் கட்டுக்கரை. இது மீன்பிடிக்கிற பயணமா, நீர்ப்பாசனத் திணைக்களத்துப் பரிசோதனையா? இரண்டு போதும். இரணைமடுவும் முத்தையன்கட்டும். சின்னவள் தங்கியிருக்கிற பெரியக்கா வீட்டிலிருந்து இரணைமடு அணைக்கட்டுக்கு வெள்ளன எழும்பி விடிய முதலே போய்விடலாம்.

1902இல் கட்டத் தொடங்கிய குளம் அது. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டினது. அதே ஆறு குளத்தைத் தாண்டிப் போய்ச் சுண்டிக்குளத்தில் உப்பு நீரேரியோடு சேர்கிறது. நீ நன்னீர், உவர்நீர் என்று இரண்டு நிறத்தில் தீட்டி வைத்தது, இங்கே ஒரே ஆற்றின் இரண்டு முனை. சுண்டிக்குளத்தில் மட்டும் தூண்டில் போடமுடியாது, தேசியப் பூங்கா. பறவை பார்க்கலாம்.

சித்திரையில் குளத்தில் தண்ணீர் இன்னும் இருக்கும். விராலுக்கு ஆவணிதான் நல்லது, தண்ணீர் வற்றி மீன் ஒடுங்கி நிற்கும் என்று அங்கத்தைய ஆக்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஆவணிக் குளத்துக்காகச் சித்திரைக் கடலை விடமுடியாது. குளம் பொறுக்கும், கடல் பொறுக்காது. அதனால்தான் சொல்கிறேன், உன் அட்டவணையில் கடலுக்கு நாள் குறிக்காதே. முதல்நாள் பின்னேரம் படகுக்காரர் வானத்தையும் பார்த்து, கைபேசியில் காற்றையும் பார்த்து "நாளைக்குச் சரி" என்றால் கடல். இல்லையென்றால் கிளிநொச்சி பஸ். ஏறி உட்கார்ந்தால் ஆனையிறவு தாண்டி, காலைச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டில் நிற்போம்.

விராலுக்கு நீ தவளை மாதிரி ரப்பர் இரை வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். அல்லி இலை ஓரமாகத் தத்த விட்டால் அடிக்கும், தண்ணீர் வெடிக்கிற சத்தம் கேட்கும். ஒன்றை மட்டும் கவனி. சில இடத்தில் தண்ணீர் மேல் செம்மஞ்சளாய் ஒரு கூட்டம், சுருங்கி விரிந்துகொண்டு நகரும். விரால் குஞ்சுகள். அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அதன்மேல் எதைப் போட்டாலும் கோபத்தில் கடிக்கும். சுகமான மீன்பிடி, ஆனால் நாங்கள் செய்யப்போவதில்லை. பெரியதை எடுத்தால் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடும். யப்பான் மீன், அதுதான் திலாப்பியா, வேண்டியளவு இருக்கிறது. 1950களில் கொண்டுவந்து விட்டது, இன்றைக்கு வன்னிக் குளத்துக்காரரின் சோறே அதுதான். மண்புழுவுக்கும் கோதுமை மா உருண்டைக்கும் வரும். குளத்திலும் மீனவர் சங்கம் உண்டு, குஞ்சு வாங்கி விட்டு வளர்க்கிறார்கள். ஆகவே அங்கேயும் கேட்டுத்தான் தூண்டில் போடவேண்டும். உன் ஊரில் 65 வயது தாண்டினால் லைசென்ஸ் காசு இல்லையாமே, இங்கே வயதுக்குச் சலுகை இல்லை, மரியாதை மட்டும் கிடைக்கும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று வீசுகிற உன் பழக்கத்தைக் கனடாவிலேயே விட்டுவிட்டு வா. குளத்தில் முதலை இருக்கிறது.

பிடித்துவிட்டுப் படம் எடுத்துத் திரும்பத் தண்ணீரில் விடுகிற வழக்கம் பற்றி எழுதியிருந்தாய். அதைப் படகுக்காரரிடம் சொன்னேன். "அப்ப ஏன் அண்ணை பிடிக்கிறார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சின்னதை விடு, குஞ்சோடு நிற்பதை விடு, மிச்சத்தைச் சமைப்போம். என் மனுசி குளத்து மீனைச் சட்டிக்குள் போடமாட்டாள், மண் மணக்கும் என்பாள். கடற்கரையில் பிறந்தவள், திருத்தமுடியாது. பெரியக்கா விராலை உப்பும் சாம்பலும் போட்டு வழுவழுப்புப் போகும்வரை தேய்த்துக் கழுவி, பழப்புளி கூட்டித் தடிப்பாகக் குழம்பு வைப்பா. சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல். கடலில் கிடைப்பதைப் போட்டு இங்கே ஒடியல் மாவில், காய்ந்த பனங்கிழங்கு மாவில், ஒடியற்கூழ். நண்டும் இறாலும் சந்தையில் வாங்கிக்கொள்ளலாம், எல்லாவற்றையும் நீயே பிடிப்பாய் என்று நான் நம்பவில்லை.

உன் மகனுக்கு ஓகஸ்ற்றில்தான் லீவு என்றால், அவனை மட்டும் அப்போது திருகோணமலைக்கு அனுப்பு. சோளகக் காலத்தில் கிழக்குக் கரை அமைதி, ஆழம் கரைக்குக் கிட்டவே தொடங்கும், நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டுக்காரரைத் தூண்டிலுக்கு ஏற்றிப் போகிற படகுகளும் உண்டு. அவன் கேட்கிற மாதிரியான சாட்டர் அங்கேதான். எங்களுக்கு அது சரிவராது, வெள்ளைக்காரரோடு கதைத்துக் களைத்துப்போவோம்.

சென்னை வழியாகப் பலாலியில் இறங்கினால் நேரே வந்து கூட்டிக்கொண்டு போவேன். கொழும்பு என்றால் யாழ்தேவி எடு, இராத்திரிப் பஸ் வேண்டாம், நாரி போய்விடும். டிக்கெற் எப்போது எடுக்கிறாய் என்று பங்குனி நடுப்பகுதிக்குள் அறிவி. வருசப் பிறப்புக்கு முன்பே சங்கத்தில் சொல்லி வைக்கவேண்டும், அந்த நேரம் வெளிநாட்டிலிருந்து வருகிற எல்லோருக்கும் கடல் ஆசை வரும். உன்னிடம் பாவிக்காத பழைய ரீல் இருந்தால் ஒன்றைப் பெட்டிக்குள் போடு. படகில் வருகிற பெடியன் என்னுடையதைக் கழற்றிப் பூட்டியே பழகுகிறான், கெட்டிக்காரன்.

இப்படிக்கு,
உன் பள்ளிக்கூட வாங்குத் தோழன்