வாசிக்க ஒருவர், சரிபார்க்க ஒருவர்

திருவல்லிக்கேணி, சென்னை
5 ஜூலை 2020

அன்புள்ள தோழிக்கு,

நலம். உன் வீட்டார் அனைவரின் நலத்தையும் அறிய ஆவல். உன் மின்னஞ்சல் வந்து மூன்று வாரமாகியும் பதில் எழுதாமல் இருந்ததற்கு என்னை மன்னித்துவிடு. ஜூன் 26ஆம் தேதியோடு முதலீட்டு வங்கியில் என் இன்டர்ன்ஷிப் முடிந்தது. இன்று ஞாயிறு, முழு ஊரடங்கு. காலையில் பால் வண்டி போனதற்குப் பிறகு தெருவில் ஓசையே இல்லாததால், நிதானமாக உட்கார்ந்து எழுத முடிகிறது. சி.ஏ. படிப்புக்கான ஆர்ட்டிகிள்ஷிப்பின் கடைசி ஆண்டுப் பயிற்சிக்கு ஒரு முதலீட்டு வங்கியில் உனக்கு இடம் கிடைத்திருப்பது அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் அதை வீட்டிலிருந்தே செய்ய வேண்டும் என்பதால் தயங்குவதாக எழுதியிருந்தாய். கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே அந்த வேலையை உண்மையாகக் கற்றுக்கொள்ள முடியுமா என்றும் கேட்டிருந்தாய். முடியும் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். எது கைக்கு வந்தது, எது நழுவிப்போயிற்று என்பதைச் சொல்லாவிட்டால் அந்த ஒரு சொல்லால் உனக்குப் பயன் இல்லை.

மும்பையில் பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸில் எட்டு வாரம் இருக்கப் போகிறேன் என்றுதான் பிப்ரவரி வரை எண்ணிக்கொண்டிருந்தேன். மார்ச் 23ஆம் தேதி சென்செக்ஸ் ஒரே நாளில் 3,934 புள்ளி விழுந்ததும், அதற்கு அடுத்த நாள் இரவு நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவித்ததும் உனக்கும் நினைவிருக்கும். இன்டர்ன்ஷிப்பே ரத்தாகிவிடும் என்று அஞ்சியிருந்த நேரத்தில், மே 4 முதல் வீட்டிலிருந்தே தொடங்கலாம் என்று செய்தி வந்தது. வெளிநாடுகளில் பெரிய வங்கிகள் பல, தங்கள் கோடைப் பயிற்சியை இணையத்துக்கு மாற்றியதோடு வாரங்களையும் குறைத்துவிட்டன. சிட்டி வங்கி, நியூயார்க், லண்டன் போன்ற ஊர்களில் குறைந்தபட்சத் தகுதியை நிறைவு செய்யும் பயிற்சியாளர்களுக்கு நிரந்தர வேலை தருவதாக ஏப்ரலிலேயே உறுதி சொல்லியிருந்தது. எங்களுக்கு அப்படி எந்த உறுதியும் இல்லை. ஆனால் எட்டு வாரத்தில் ஒரு நாள்கூடக் குறையவில்லை.

எங்கள் வீட்டை நீ அறிவாய். உள்ளறையில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு, அதையே அலுவலகமாக்கிக்கொண்டேன். கூரியர் சரிவர ஓடாத காலமாதலால் வங்கியின் மடிக்கணினி மூன்றாவது வாரம்தான் வந்து சேர்ந்தது. அதுவரை என் பழைய கணினியிலேயே ஓட்டினேன். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்க மாநகராட்சியிலிருந்து தினமும் ஒருவர் வாசலுக்கு வருவார். அவர் குரல் கேட்டதும் மைக்கை அணைக்க என் விரல் தானாகவே பழகிவிட்டது.

நிறுவனங்களை வாங்குவது, விற்பது போன்ற பேரங்களைத்தான் டீல் என்பார்கள். முதல் ஐந்து வாரம் எங்களுக்கு உண்மையான டீல் எதையும் காட்டவில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தைக் கொடுத்து, எல்லோருக்கும் கிடைக்கும் ஆவணங்களை மட்டும் வைத்து அதன் மதிப்பைக் கணிக்கச் சொன்னார்கள். நீ கணக்குத் தணிக்கையில் இருப்பவள் என்பதால் இந்த இடத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அதே தொழிலில் உள்ள மற்ற நிறுவனங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் சந்தை மதிப்போடு நிகரக் கடனையும் (கடனில் கைப்பணத்தைக் கழித்தது) சேர்த்து, அந்தத் தொகை இபிட்டாவைப்போல் (வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபம்) எத்தனை மடங்கு என்று பார்ப்பதுதான் அடிப்படை வேலை. இதைக் கம்ப்ஸ் என்பார்கள். சாதாரண ஆண்டாக இருந்தால் இதில் பெரிய சிக்கல் இல்லை. இந்த ஆண்டு மார்ச் காலாண்டு முடிவுகளை வெளியிடும் கெடுவைப் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி ஜூன் 30 வரை நீட்டித்துவிட்டதால், வரிசையில் பாதி நிறுவனங்களுக்கு ஆண்டு முடிவே கையில் இல்லை. அவற்றுக்கு டிசம்பர் வரையிலான பன்னிரண்டு மாதத்தையும், மற்றவற்றுக்கு மார்ச் வரையிலானதையும் எடுத்தால், கொரோனா தொட்ட மாதமும் தொடாத மாதமும் ஒரே அட்டவணையில் கலந்துவிடும். அதோடு இந்திய கணக்கியல் தரம் 116, ஏப்ரல் 2019இலிருந்து வாடகைக் குத்தகைகளைக் கடனாகக் காட்டச் சொல்வதால், வாடகை இபிட்டாவுக்கு முன் செலவாகக் கழியாமல், இபிட்டா காகிதத்தில் உயர்ந்து நிற்கும்; 2018-19 நிதியாண்டின் எண்ணோடு அதை அப்படியே ஒப்பிட முடியாது. இவற்றையெல்லாம் யாரும் வகுப்பெடுத்துச் சொல்லவில்லை, அட்டவணையை நிரப்பும்போது ஒவ்வொன்றாக இடறி இடறித்தான் தெரிந்துகொண்டேன். இதில் நீ என்னைவிட முன்னால் இருப்பாய்.

நிறுவனம் வருங்காலத்தில் ஈட்டும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் டிசிஎஃப் முறை பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். நீண்டகால வளர்ச்சி 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, அப்படிக் குறைக்கப் பயன்படும் தள்ளுபடி விகிதத்தை 12 சதவீதத்திலிருந்து 11க்குக் குறைத்தால், அந்த ஒரு மாற்றத்திலேயே இறுதி மதிப்பு (கணித்த ஆண்டுகளுக்கு அப்பால் வரும் பணத்தின் மதிப்பு) ஏழில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. மே 22ஆம் தேதி ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் ரெப்போ வட்டியை 4 சதவீதத்துக்கு இறக்கிய நாளில், நாங்கள் எந்த விகிதத்தை எடுப்பது என்று இரண்டு மணி நேரம் வாதிட்டோம். எட்டு வாரத்தில் நான் மிகவும் விரும்பிய இரண்டு மணி நேரம் அது.

இனி என் பிழைக்கு வருகிறேன். வரிசையில் இருந்த ஏழு நிறுவனங்களில் ஒன்றின் சந்தை மதிப்பு 9,200 மில்லியன் ரூபாய், இபிட்டா 940 மில்லியன். இவ்விரண்டும் வங்கியின் தரவுத் தளத்திலிருந்து மில்லியனாகவே வந்தன. நிகரக் கடனை மட்டும் ஆண்டறிக்கையைப் பார்த்துக் கையால் இட்டேன்: 1,860. அந்த ஆண்டறிக்கை லட்சத்தில் இருந்தது. 1,860 லட்சம் என்றால் 186 மில்லியன்தான். நான் 1,860 மில்லியனாகவே கூட்டிவிட்டேன். பத்து மடங்கு வந்திருக்க வேண்டிய நிறுவனம் 11.8 மடங்காக நின்றது, அதனால் ஏழு நிறுவனங்களின் இடைநிலை (வரிசையின் நடு எண்) 10.0இலிருந்து 10.9 ஆயிற்று. நாங்கள் மதிப்பிட்ட நிறுவனத்தின் இபிட்டா சுமார் 300 கோடி ரூபாய் என்பதால், என் ஒரு கட்டத்தின் பிழை அதன் மதிப்பில் 270 கோடியைக் கூட்டிக் காட்டியது. 11.8 என்பது பார்த்தவுடன் கண்ணை உறுத்தும் எண் அல்ல. அந்த வரிசையில் 12.3உம் 13உம் இருந்தன. கையால் இட்ட எண் நீல நிறத்திலும் சூத்திரம் கறுப்பிலும் இருக்க வேண்டும் என்ற விதியை நான் ஒழுங்காகவே கடைப்பிடித்திருந்தேன். நீல நிறத்தில் அழகாக நின்ற அந்த 1,860, மூன்று வெர்ஷன்களைத் தாண்டி, வாடிக்கையாளருக்குக் காட்டுவதுபோல் தயாரிக்கும் பிட்ச் புக்கின் இரண்டு பக்கங்களில் ஏறி, ஒன்பது நாள் உயிரோடு இருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் என்னை வழிநடத்திய மூத்த அலுவலர், அசோசியேட். ஆறு பேர் இருந்த சூம் கூட்டத்தில், "இவர்கள் அதிகம் கடன் வாங்குகிறவர்கள் இல்லையே, இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று அமைதியாகக் கேட்டார். அவர் கடிந்துகொள்ளவில்லை. பிறகு தனியாக அழைத்தபோது அவர் சொன்னது இன்னும் மனத்தில் நிற்கிறது: மும்பை அலுவலகத்தில் இருந்திருந்தால், தேநீர் எடுக்கப் போகிற வழியில் யாராவது உன் திரையைப் பார்த்து முதல் நாளே சொல்லியிருப்பார்கள், இங்கே நீ அனுப்புகிற கோப்பு மட்டும்தான் எங்கள் கண்ணில் படுகிறது, நீ அதைச் செய்கிற விதம் படுவதில்லை என்றார். வீட்டிலிருந்து செய்யும் பயிற்சியின் உண்மையான குறை இதுதான் என்று நான் நினைக்கிறேன். இணைய வேகம், மின்தடை, வெயில் என்று நாம் புலம்புவதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன். அவர் செகண்ட் லைன் பீச் என்ற தெருவில், சென்னைப் பங்குச் சந்தைக் கட்டடத்துக்கு அருகே ஒரு தரகரிடம் எழுத்தராக இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். 1994இல் தேசியப் பங்குச் சந்தை கணினித் திரை வழியே வணிகத்தைத் தொடங்கிய பிறகு அந்தத் தெருவின் இரைச்சல் சிறிது சிறிதாக அடங்கியதையும், 2015இல் செபியின் அனுமதியோடு அந்தச் சந்தை விலகிக்கொண்டதையும் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். என் பிழையைக் கேட்டுவிட்டு அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "யார் வாசிச்சாங்க?" என்று மட்டும் கேட்டார். அவர்கள் அலுவலகத்தில் பேரேட்டை மூடுவதற்கு முன் ஒருவர் மூலச் சீட்டைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் பேரேட்டில் டிக் அடித்துக்கொண்டே வருவாராம். காலிங் ஓவர் என்று அதற்குப் பெயர். எழுதியவரே தனியாகச் சரிபார்க்க விடமாட்டார்களாம்.

மறுநாள் இரவு ஏழு மணிக்கு, நான் கேட்காமலே மூக்குக் கண்ணாடியோடு வந்து தையல் மெஷின் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். பயிற்சிக் கணக்குதான், எல்லாமே வெளியான ஆண்டறிக்கைகள் என்பதால் அவர் பார்ப்பதில் தவறில்லை. டேப்லெட்டில் ஆண்டறிக்கையைத் திறந்து கொடுத்தேன். எண்ணுக்குப் போவதற்கு முன் பக்கத்தின் மேல்மூலையில் சின்ன எழுத்தில் இருப்பதை முதலில் வாசித்தார்: "ரூபாய், லட்சத்தில்." பிறகு ஒவ்வொரு வரியாக, பள்ளியில் வாய்ப்பாடு சொல்வதைப் போன்ற ஒரே சுருதியில் அவர் வாசிக்க, நான் எக்செலில் ஒவ்வொரு கட்டத்துக்கும் குறியிட்டுக்கொண்டே வந்தேன். ஏழு நிறுவனங்களுக்கும் நான்கு மாலைகள் ஆயின. இன்னும் இரண்டு சிறு பிழைகள் அகப்பட்டன. அவற்றை நானே அசோசியேட்டுக்கு எழுதித் தெரிவித்தேன்.

கடைசி மூன்று வாரம் உண்மையான டீலில் சேர்த்துக்கொண்டார்கள். அதற்கு ஒரு மாற்றுப் பெயர்தான் உண்டு, நிறுவனத்தின் பெயரை உனக்கும் சொல்ல முடியாது. பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய, வெளியாகாத தகவல் வீட்டில் ஒருவர் காதில் விழுந்தாலும் செபியின் உள்வணிகத் (உள்தகவலை வைத்துப் பங்கு வணிகம் செய்வது) தடை விதிகள்படி அது தவறு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஜூன் மாத வெக்கையில் உட்கார்ந்தேன். ஏன் சாத்துகிறாய் என்று அம்மாவுக்கு முதல் இரண்டு நாள் வருத்தம், அப்பாதான் விளக்கினார். அப்போது வாசிக்க ஆள் இல்லை. அதனால் கூச்சத்தை விட்டு அசோசியேட்டிடமே கேட்டேன்: தினமும் அரை மணி நேரம் என் திரையை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க நான் வேலை செய்யலாமா என்று. அவர் உடனே ஒப்புக்கொண்டார். சில நாள் இருபது நிமிடம் இருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டோம். நான் ஒரு சூத்திரத்தை இழுக்கும்போது "நில்லு, அந்தக் கட்டத்தைப் பூட்டவில்லை" என்று, சூத்திரத்தோடு அந்தக் கட்டமும் நகர்ந்துவிடும் என்பதைச் சுட்டி அவர் குரல் வரும். பயிற்சியின் கடைசி மூன்று வாரத்தில் கற்றது, முதல் ஐந்து வாரத்தில் கற்றதைவிட அதிகம் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஆகவே இடத்தை ஏற்றுக்கொள் என்பதே என் கருத்து. சேருவதற்கு முன்பே, உன் வேலையை நடக்கும்போதே பார்க்க ஒருவர் இருப்பாரா என்று கேட்டுவிடு. இல்லை என்றால் முதல் வாரத்திலேயே நீயே ஒருவரைத் தேடிக்கொள். மாதத்துக்கு இரண்டு முறை பெரியவர்களோடு பதினைந்து நிமிட அறிமுகப் பேச்சு ஏற்பாடு செய்வார்கள். அதுவும் நல்லதுதான், ஆனால் அதை நம்பி இருந்துவிடாதே. எனக்கு நிரந்தர வேலை கிடைக்குமா என்பது ஆகஸ்டில்தான் தெரியும்.

அப்பா உன்னை விசாரித்தார். உனக்கு முதலில் பயிற்சிக் கணக்குதான் கொடுப்பார்கள் என்றும், அவை வெளியான ஆண்டறிக்கைகளாக இருந்தால் இரவு ஏழு மணிக்குத் தொலைபேசியில் தானே வாசிப்பதாகவும் சொல்லச் சொன்னார். எந்த நாளில் சேருகிறாய் என்று எழுது.

என்றும் அன்புடன்,
உன் மூன்றாம் பெஞ்சுத் தோழி