வேளச்சேரி குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2023–24

தலைவர் அவர்களுக்கும் வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு எட்டு முறை கூடியது. சுதந்திர தினக் கொடியேற்றமும் பொங்கல் விழாவும் கண் பரிசோதனை முகாமும் வழக்கம்போல் நடந்தன.

கிணற்றுப் பணியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2015-இல் வெள்ளத்தில் தவித்த தெரு இது. 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடங்களோடு காத்திருந்ததும் இதே தெருதான். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. ஆனாலும் நம் வீட்டுத் தொட்டிகளில் எத்தனை உண்மையிலேயே நீரை மண்ணுக்குள் விடுகின்றன என்று கேட்டால் ஒருவரிடமும் பதில் இல்லை. அதனால்தான் ஒரு பொறியியல் கல்லூரியை அணுகினேன். ஜூலை முதல் ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறன்று ஐந்து மாணவர்கள் வந்து, நம் வீட்டுக் கிணறுகளில் நாடா விட்டு நீர்மட்டத்தை அளந்தார்கள். நீரில் கரைந்துள்ள உப்பையும் குறித்தார்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை குடிக்க ஏற்றது, வேறு நீர் இல்லாதபோது 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. தொட்டியைத் தூர்வாரி மணலும் ஜல்லியும் மாற்றிய வீடுகளில் மழைக்குப் பின் உப்பு இறங்கியதை அவர்கள் கொடுத்த அட்டவணையில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

டிசம்பரில் மிக்ஜாம் புயல். வெள்ளம் வடிந்ததும், வெள்ளையடித்து மறைப்பதற்குள், சுவர்களில் படிந்த நீர்க்கறையின் உயரத்தை அதே பிள்ளைகள் வீடு வீடாக அளந்தார்கள். நம் பகுதியின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாகத்தான் கடலை நோக்கிப் போக வேண்டும். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்பு நிலம் சுருங்கச் சுருங்க, அங்கே தங்க வேண்டிய நீர் நம் கூடத்தில் தங்குகிறது.

இரண்டு மனக்குறைகள் உண்டு. இந்த அளவுகளை வைத்து மாணவர்கள் தயாரித்த ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, மதிப்பெண் பெற்று, கல்லூரி நூலகத்துக்குள் போய்விட்டது. ஒரு பிரதிக்காக நான்கு முறை நடந்தேன். கிணற்றைத் திறந்துவிட்டவர்களுக்கு முடிவைத் தமிழில் சொல்வது கல்லூரியின் கடமை இல்லையா? கடைசியில் இரண்டு மாணவிகளோடு உட்கார்ந்து நானே ஒரு தாளில் சுருக்கி எழுதிப் பலகையில் ஒட்டினேன்.

மற்றொன்று நம்மிடம். பாதிக்கு மேற்பட்ட வீடுகள் மாணவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. வெள்ளம் ஏறிய அளவு வெளியே தெரிந்தால் வீட்டு விலை இறங்கிவிடும் என்றார் ஓர் உறுப்பினர். அறிக்கையை விளக்கப் பேராசிரியர் வந்த மாலையில் இருபது நாற்காலி போட்டோம்; ஆறு பேர் வந்தார்கள். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

சந்தாவும் அப்படித்தான். மூன்று ஆண்டு பாக்கி வைத்திருப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள்; பெயர் சொல்ல விரும்பவில்லை. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு. உப்பு அளக்கும் கருவியை என் சொந்தப் பணத்தில்தான் வாங்கினேன்.

தலைவருக்கும் பொருளாளருக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் காவல் நிலையத்தாருக்கும் நன்றி.

ஜூனில் அந்த மாணவர்கள் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். புதியவர்களுக்குக் கிணறுகளைக் காட்ட, மாதம் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய நால்வர் தேவை. ஆறு ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன், முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. நான்கு பெயர்கள் இன்று கிடைத்தால் அடுத்த ஆண்டும் பொறுப்பேற்கத் தயார். அளவு நாடாவும் பதிவேடும் இந்த மேசையிலேயே இருக்கின்றன.

இவ்வறிக்கையைப் பேரவையின் ஏற்புக்கு வைக்கிறேன்.