கடனோடு விற்க இடமும் வேண்டும்

ஐயா, வணக்கம்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா பூக்கட்டி விற்கிறார். கணவர் இல்லை. முன்பெல்லாம் விடியற்காலையில் வட்டிக்காரரிடம் 900 ரூபாய் வாங்கினால் சாயங்காலம் 1,000 ஆகத் திருப்பித் தர வேண்டும். அதை வைத்துத்தான் மாட்டுத்தாவணியில் மல்லிகை எடுப்பார். மழை பெய்து பூ விற்காத அன்று மூக்குத்தி அடகுக்குப் போகும். இப்போது மகளிர் குழுவில் கடன் வாங்கி, சொந்தமாகத் தள்ளுவண்டி போட்டுவிட்டார். குழுவின் பாஸ்புக்கைச் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறார்.

மதுரைக்கு இது புதிதல்ல. புல்லுச்சேரியில் கூலி வேலை பார்த்த, எழுதப் படிக்கத் தெரியாத சின்னப்பிள்ளை அம்மா களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்களை ஊர் ஊராகக் கொண்டுபோனவர். 2001-இல் விருது கொடுத்த பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீயும் வந்தது.

சரி, கடன் கிடைத்துவிட்டது. அப்புறம்? பொருளை எங்கே விற்பது? வண்டியை ஓரமாக நிறுத்தினாலே அந்த அக்காவை விரட்டுகிறார்கள். பார்க்கவே மனசு கேட்கவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் ஜனம் கூடப்போகிறது. மாசி வீதிகளிலும் தல்லாகுளத்திலும் குழுப் பெண்களுக்கென்று வாடகை இல்லாமல் கொஞ்சம் இடம் ஒதுக்கித் தருமாறு மாவட்ட நிர்வாகத்தையும் மாநகராட்சியையும் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகி,
கே.புதூர், மதுரை