முதலில் மறுப்பவரைக் காப்பாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அப்பாவிகளுக்குக் கொடுமை நடந்த செய்தி வரும்போதெல்லாம், 'மேலிடத்து உத்தரவு, நான் என்ன செய்ய?' என்ற பதிலும் கூடவே வருகிறது. அப்படிச் சொல்பவர்களை அரக்கர்கள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைகள் வேறு கதை சொல்கின்றன. சோதனைக்கு வந்த சாதாரண மனிதர்கள், அடுத்த அறையில் இருப்பவர் கேள்விக்குத் தவறான பதில் சொன்னால் அவருக்கு மின் அதிர்ச்சி தர வேண்டும். ஒவ்வொரு தவறுக்கும் 15 வோல்ட் கூடும். (அதிர்ச்சி பொய்தான். விசையை அழுத்தியவர்களுக்கு அது தெரியாது.) வியர்த்தார்கள், நடுங்கினார்கள், நிறுத்தலாமா என்று கேட்டார்கள். தொடரச் சொன்னார் அறையில் இருந்த ஆய்வாளர். 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள்.

எனக்கு அந்த 15 வோல்ட்தான் முக்கியமாகப் படுகிறது. எடுத்த எடுப்பிலேயே 450 என்றால் பலர் எழுந்து போயிருப்பார்கள். போன படிக்குச் சரி என்றவர் அடுத்த படிக்கு எப்படி மாட்டேன் என்பார்?

அப்புறம், பலரும் பேசாத இன்னொரு பகுதி உண்டு. சோதனையின் வேறொரு வடிவத்தில், கூட இருந்த இருவர் மறுத்து விலகியபோது, கடைசிவரை போனவர்கள் 40இல் 4 பேர்தான். ஆகவே, முதலில் மறுத்துப் பேசும் ஊழியரைத் தண்டிக்கும் நிர்வாகங்களைப் பற்றி உங்கள் நாளிதழ் விடாமல் எழுத வேண்டும்.

- ஒரு வாசகர்